பேச்சுக்கு விதித்த சுங்கம்

2017 ஜனவரி 1 அன்று இணையத் தொலைபேசித் தொழிலில் ஒரு சுங்கம் நின்றுபோனது. ஜி.729 என்ற குரல் கோடெக்கின் காப்புரிமைகளில் பெரும்பாலானவை காலாவதியாகிவிட்டன, இனி அதற்கு உரிமக் கட்டணம் தேவையில்லை என்று, அதுவரை வசூலித்துவந்த மான்ட்ரியல் நிறுவனமான சிப்ரோ லேப் டெலிகாம் அறிவித்தது. நாளிதழ்களில் இடம்பிடிக்கும் செய்தி அல்ல அது. ஆனால் 2000-களில் சென்னையில் கால் சென்டருக்கு லைன் போட்டுக் கொடுத்த யாரைக் கேட்டாலும், முதலில் சொல்லும் கோடெக் பெயர் அதுவாகத்தான் இருக்கும்.

சென்னையை ஒட்டிய தாம்பரம் மாநகராட்சிக்குள் 2021-இல் சேர்க்கப்பட்ட மாடம்பாக்கத்தை வெளியூர்க்காரர்கள் தேனுபுரீசுவரர் கோயிலைச் சொல்லித்தான் அடையாளம் காண்கிறார்கள். உள்ளூர்க்காரர்களில் பலர் தாம்பரம் சானடோரியத்தின் மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்துக்கும், பெருங்குடி, துரைப்பாக்கம், சிறுசேரி என நீளும் பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து ஊருக்குள் வரும் சாலையில் மாடிவீடுகளின் கீழ்த்தளத்தில் சின்னச் சின்ன அலுவலகங்கள் உண்டு: வரிக் கணக்கு, மருத்துவக் குறிப்புத் தட்டச்சு, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலை. இப்படிப்பட்ட இடங்களில் ஒரு மூலையில் பழைய கணினி ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஆஸ்டரிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருள்தான் தொலைபேசி எக்ஸ்சேஞ்சாக வேலை செய்யும். மென்பொருளுக்குக் காசு கிடையாது. பேசும் குரலைச் சுருக்குவதற்குக் காசு உண்டு. இந்த முரண் எப்படி வந்தது, இந்தியச் சட்டம் அதை எப்படிக் கையாண்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விசாரணை.

கோடெக் என்பது பேச்சை எண்களாக்கிச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரித்துத் திரும்பப் பேச்சாக்கும் கணக்குமுறை. சுருக்காமலே அனுப்பினால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். தொலைபேசிக் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64 கிலோபிட் வருகிறது. 1972-இல் சர்வதேசத் தரமான ஜி.711 இதுதான். அமெரிக்காவும் ஜப்பானும் இதன் மியூ-லா வடிவத்தையும், ஐரோப்பாவும் இந்தியாவும் ஏ-லா வடிவத்தையும் எடுத்துக்கொண்டன. இணையத்தில் போகும்போது 20 மில்லிவிநாடிப் பேச்சு ஒரு பாக்கெட். குரல் 160 பைட், அதன் தலையில் எங்கிருந்து எங்கே போகிறது என்ற விவரம் 40 பைட். விநாடிக்கு 50 பாக்கெட் என்றால், ஒரு திசைக்கு 80 கிலோபிட். ஜி.729-இல் அதே 20 மில்லிவிநாடிக்குக் குரல் வெறும் 20 பைட். விவரத் தலைப்பு அதே 40 பைட். மொத்தம் 24 கிலோபிட். 2 மெகாபிட் லைனில் ஜி.711-ஐ வைத்து 25 பேர் பேசலாம் என்றால், ஜி.729-ஐ வைத்து 80 பேர் பேசலாம்.

இந்தியாவில் இணையத் தொலைபேசிக்குச் சட்ட அனுமதி 2002 ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கடலடிக் கேபிளும் அதே ஆண்டில் வந்தது. அப்போது வெளிநாட்டு லைனின் மாத வாடகை ஒரு சிறு நிறுவனத்தின் முதுகெலும்பை முறிக்கும் தொகை. 25 பேருக்கும் 80 பேருக்கும் உள்ள வித்தியாசம், கம்பெனி நடக்குமா நடக்காதா என்ற வித்தியாசம். அதனால்தான் ஜி.729-க்கு எல்லோரும் போனார்கள். காப்புரிமை வைத்திருந்தவர்களுக்கும் அது தெரியும்.

இந்தச் சுருக்கும் கலையின் வரலாற்றில் இந்தியாவில் பிறந்து வளர்ந்த ஒருவர் நடுநாயகமாக இருக்கிறார். பிஷ்ணு அடல் கான்பூரில் 1933-இல் பிறந்தவர். லக்னோ பல்கலைக்கழகத்திலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் படித்து, அங்கேயே பாடமும் நடத்திவிட்டு, 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஜெர்மானியரான மான்ஃப்ரெட் ஷ்ரோடருடன் சேர்ந்து 1985-இல் அவர் வெளியிட்ட செல்ப் என்ற முறைதான், பிறகு வந்த பெரும்பாலான தொலைபேசிக் குரல் கோடெக்குகளுக்கு அடித்தளம். தொண்டையும் வாயும் சேர்ந்து ஒலியை வடிக்கும் விதத்தை ஒரு சில எண்களில் பிடித்துவிடு; அந்த வடிகட்டிக்குள் எந்தத் தூண்டல் ஒலியைச் செலுத்தினால் மூலப் பேச்சுக்கு மிக நெருங்கி வரும் என்று ஒரு பட்டியலில் தேடு; பட்டியலில் அது எத்தனையாவது என்ற எண்ணை மட்டும் அனுப்பு. இதுதான் செல்ப். அன்றைக்கு ஒரு விநாடிப் பேச்சைச் சுருக்க க்ரே-1 மீக்கணினிக்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தது.

அந்தத் தேடலை மலிவாக்கியவர்கள் கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தார். பட்டியலைச் சேமித்து வைக்கவே வேண்டாம். 5 மில்லிவிநாடியில் வரும் 40 இடங்களில் நான்கே நான்கு துடிப்புகளை வை, ஒவ்வொன்றும் கூட்டல் ஒன்று அல்லது கழித்தல் ஒன்று. எந்தெந்த இடம், என்ன குறி என்று 17 பிட்டில் எழுதிவிடு. ஜி.729-இன் உள்ளே நடப்பது இதுதான். ஏசெல்ப் என்று பெயர். அற்புதமான சிக்கனம். கைக்கருவிக்குள் இருக்கும் சிறு சில்லே இந்தக் கணக்கைப் போட்டுவிடும். 1996-இல் இதைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரமாக அறிவித்தபோது, ஷெர்ப்ரூக்குடன் ஜப்பானின் என்டிடி, பிரான்ஸ் டெலிகாம் ஆகியவையும் காப்புரிமையோடு உள்ளே இருந்தன. இந்த உரிமைகளை ஒரே கையில் வைத்து விற்கும் முகவராக இருந்ததுதான் சிப்ரோ.

தரம் என்றால் எல்லோரும் பின்பற்ற வேண்டியது. காப்புரிமை என்றால் ஒருவர் தடுக்கக்கூடியது. இரண்டையும் ஒரே பொருளில் சேர்க்கும்போது, ஒன்றியம் காப்புரிமையாளரிடம் ஓர் எழுத்து உறுதியை மட்டும் வாங்கிக்கொள்கிறது: இலவசமாகத் தருவேன், அல்லது நியாயமான, பாரபட்சமற்ற விலையில் தருவேன். நியாயம் எவ்வளவு என்று ஒன்றியம் சொல்வதில்லை. அதைச் சந்தையும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது. இதன் பின்விளைவுகளைத்தான் பிறகு டெல்லி உயர் நீதிமன்றத்தில் பார்த்தோம்.

மாடம்பாக்கத்துக் கீழ்த்தளத்துக்குத் திரும்புகிறேன். ஆஸ்டரிஸ்க்குக்கான ஜி.729 உரிமத்தை டிஜியம் நிறுவனம் ஒரு சேனலுக்கு 10 டாலர் என்று விற்றது. அன்றைய மதிப்பில் 450 ரூபாய் அளவுக்கு. முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்துக்கு 300 டாலர். தொகை பெரிது இல்லை என்று தோன்றும். ஆனால் சிக்கல் தொகையில் மட்டும் இல்லை. ஆஸ்டரிஸ்க்கின் மூலநிரல் முழுக்கத் திறந்து கிடக்கும்போது, இந்த ஒரு கோடெக் மட்டும் உள்ளே பார்க்க முடியாத மூடிய கோப்பாக வந்தது. அதன் உரிமம் கணினியின் நெட்வொர்க் அட்டை எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தது. மின்னலில் அந்த அட்டை கருகினால், புது அட்டை போட்ட பிறகு உரிமத்தையும் மறுபடி பதிய வேண்டும். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் எத்தனை அட்டைகள் போகும் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

உரிமம் இல்லாமல் ஓட்டவும் ஓர் இடுக்கு இருந்தது. இரண்டு முனைக் கருவிகளுக்கும் ஜி.729 தெரிந்திருந்தால், நடுவிலிருக்கும் ஆஸ்டரிஸ்க் அந்தப் பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் அப்படியே கடத்திவிடும். பிரிக்காதவரை உரிமம் தேவையில்லை. குரல் அஞ்சல் பதிய வேண்டும், மூன்றாமவரைக் கூட்டி கான்ஃபரன்ஸ் போட வேண்டும், ஒரு முனையில் ஜி.711 மட்டும் தெரிந்த பழைய போன் என்றால் உடனே பிரித்தாக வேண்டும். உரிமம் இல்லையென்றால் கால் கட்டாகிவிடும், திரையில் கோடெக் மாற்ற வழியில்லை என்று ஒரு வரி ஓடும். அந்தக் காலத்தில் இணையத்தில் உலவிய இலவச ஜி.729 கோப்புகளைப் பலர் இறக்கிப் போட்டுக்கொண்டதும் இதனால்தான். அப்படிச் செய்தவர்களிடம் இது சட்டப்படி சரியா என்று கேட்டால், இந்தியாவில் மென்பொருளுக்குக் காப்புரிமை கிடையாது சார் என்று ஒரே பதில்தான் வரும்.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியைச் சரியாக அளந்து பார்ப்பது அவசியம்.

காப்புரிமை நாட்டு எல்லைக்கு உட்பட்டது. அமெரிக்காவில் வழங்கப்பட்ட உரிமை மாடம்பாக்கத்தில் செல்லாது. இங்கே தனியாக விண்ணப்பித்து, இங்கே வழங்கப்பட்டிருந்தால்தான் செல்லும். இந்தியா பாரிஸ் உடன்படிக்கையிலும் சர்வதேசக் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்திலும் 1998 டிசம்பர் 7 அன்றுதான் சேர்ந்தது. எனவே எந்தக் காப்புரிமை இந்தியாவில் உயிரோடு இருந்தது என்பதை ஒவ்வொன்றாகத் தேடித்தான் சொல்ல முடியும். காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளம் இலவசம். அதே நேரம், இங்கே தயாரித்த கருவியை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தால், அந்த ஊர்க் காப்புரிமை அந்த ஊரில் வந்து பிடித்துக்கொள்ளும். மெப்ஸ் போன்ற ஏற்றுமதி மண்டலத்தில் தொழில் செய்கிறவர்கள் இதை மறக்கவே முடியாது.

அடுத்தது, கேள்வியின் கரு. 1970-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2002-இல் சேர்க்கப்பட்ட பிரிவு 3(கே), கணித முறை, வணிக முறை, கணினி நிரல் தன்னளவில், அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்கிறது. இதைத் தளர்த்த 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது: தொழிலில் தொழில்நுட்பப் பயன்பாடு இருந்தாலோ, வன்பொருளோடு சேர்ந்திருந்தாலோ நிரலுக்கும் காப்புரிமை தரலாம் என்றது அது. 2005-இல் நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. பழைய வாசகமே நின்றது. அதாவது மக்கள் பிரதிநிதிகளின் முன் இந்தக் கேள்வி தெளிவாக வைக்கப்பட்டு, அவர்கள் தெளிவாக மறுத்தார்கள். சென்னையில் தலைமையிடம் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2011 டிசம்பரில் யாஹூ நிறுவனத்தின் வணிக முறை விண்ணப்பம் ஒன்றை இதே பிரிவின் கீழ் மறுத்தது. அந்த வாரியத்தை 2021-இல் கலைத்துவிட்டார்கள்.

நான்கு துடிப்புகளை நாற்பது இடங்களில் எங்கே வைப்பது என்று தேடும் வழி அல்காரிதம் இல்லையென்றால், வேறு எதுதான் அல்காரிதம்? இந்தக் கேள்வி இந்திய நீதிமன்றத்தில் நேருக்கு நேர் வந்தது. வந்த இடம் இணையத் தொலைபேசி அல்ல, கைபேசி. ஆனால் கோடெக் அதே குடும்பம்.

ஏஎம்ஆர் என்பது ஜிஎஸ்எம் கைபேசிகளுக்காக 1990-களின் இறுதியில் வந்த ஏசெல்ப் கோடெக். 4.75 முதல் 12.2 கிலோபிட் வரை எட்டு வேகங்களில், சிக்னல் மோசமானால் தானே இறங்கி, சீரானால் ஏறும். ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம் 2013 மார்ச்சில் இந்தியக் கைபேசி நிறுவனமான மைக்ரோமேக்ஸ் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பிறகு இன்டெக்ஸ், லாவா எனத் தொடர்ந்தது. எட்டுக் காப்புரிமைகளை வைத்து வழக்காடினார்கள். அவற்றில் ஐந்து ஏஎம்ஆர் குரல் கோடெக் தொடர்பானவை. பேசுகிறவர் மௌனமாக இருக்கும்போது மறுமுனையில் லைன் செத்துவிட்டதாகத் தோன்றாமலிருக்க மெல்லிய இரைச்சலை உண்டாக்கும் முறைகூட அவற்றில் ஒன்று. இதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? ஆனாலும் நாம் வாங்கிய ஒவ்வொரு மலிவு போனின் விலையிலும் அந்த மௌனத்துக்கு ஒரு பங்கு கேட்கப்பட்டது.

மைக்ரோமேக்ஸ் வழக்கில் வந்த இடைக்கால ஏற்பாட்டின்படி, ஜிஎஸ்எம் மட்டும் உள்ள போனுக்கு விற்பனை விலையில் 1.25 சதவீதம், ஜிபிஆர்எஸ் இணைய வசதி இருந்தால் 1.75, எட்ஜ் இருந்தால் 2. விலையில் சதவீதம் என்பதைக் கவனிக்க வேண்டும். குரல் கோடெக் வேலை செய்வது ஒரு சில்லுக்குள். அந்தச் சில்லு இரண்டாயிரம் ரூபாய் போனிலும் இருபதாயிரம் ரூபாய் போனிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. கேமராவும் திரையும் விலை கூடியதற்குக் குரலின் உரிமையாளர் ஏன் கூடுதல் பங்கு பெற வேண்டும்? இந்தியப் போட்டி ஆணையம் 2013 நவம்பரில் மைக்ரோமேக்ஸின் புகாரை ஏற்று விசாரணைக்கு உத்தரவிட்டபோது இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது: தொழில்நுட்பத்தோடு தொடர்பில்லாத விலையின் மேல் ராயல்டி கணக்கிடுவது மேலாதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகுமா? அந்த விசாரணை முடிவை எட்டவே இல்லை. ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். காப்புரிமைச் சட்டமே இதற்குப் போதும், ஆணையம் தலையிட முடியாது என்று 2023 ஜூலையில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு மாற்றிவிட்டது. பத்து ஆண்டு.

3(கே) பற்றி? 2015 மார்ச்சில் இன்டெக்ஸ் வழக்கில் நீதிபதி மன்மோகன் சிங், தொழில்நுட்ப விளைவு அல்லது பங்களிப்பு இருந்தால் அது வெறும் அல்காரிதம் ஆகாது என்ற நிலைப்பாட்டை முதல் பார்வையில் ஏற்றார். 2024 மார்ச் 28 அன்று லாவா வழக்கில் நீதிபதி அமித் பன்சால் தந்த தீர்ப்பு இந்திய வரலாற்றின் மிகப் பெரிய காப்புரிமை இழப்பீடுகளில் ஒன்று: சுமார் 244 கோடி ரூபாய், நிகர விற்பனை விலையில் 1.05 சதவீதம் என்ற கணக்கில். எட்டில் ஏழு காப்புரிமைகள் செல்லும் என்றார். ஒன்றை ரத்து செய்தார். ரத்தான அந்த ஒன்று, பேச்சைச் சுருக்கும் முறை பற்றியது. தீர்ப்பு வந்தபோது காப்புரிமைகளின் ஆயுளே முடிந்துவிட்டிருந்தது. தடை விதிக்க எதுவும் மிச்சமில்லை, பணம் மட்டும்தான்.

இந்தத் தீர்ப்பை நான் இரண்டு விதமாக வாசிக்கிறேன். எரிக்சன் பொறியாளர்கள் உண்மையான உழைப்பைக் கொட்டினார்கள், அதற்கு ஊதியம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. காசு கொடுக்காமல் இழுத்தடிப்பதும் நேர்மையான வணிகம் இல்லை. லாவா அப்படி இழுத்தடித்தது என்பது நீதிமன்றத்தின் கருத்தாகவே இருந்தது. ஆனால் நாடாளுமன்றம் 2005-இல் மூடிய கதவை, தொழில்நுட்ப விளைவு என்ற சொல்லால் நீதிமன்றம் திறந்துவிட்டது என்பதை மறைக்க முடியாது. எந்தக் கோடெக்குக்குத்தான் தொழில்நுட்ப விளைவு இல்லை? விளைவு இல்லாத கோடெக்கை யாரும் தரமாக்க மாட்டார்கள். அந்த அளவுகோலை வைத்தால், பேச்சுக் கணிதம் முழுவதும் 3(கே)-க்கு வெளியே போய்விடும். அப்படித்தான் ஆக வேண்டும் என்றால் அதை நாடாளுமன்றம் சொல்லட்டும்.

இதைப் போன்ற ஒரு சுங்கம் தாம்பரத்துக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரையும் தொட்டது. நோக்கியா கைபேசி அங்கே ஒரு தொழிற்சாலையில்தான் ஒன்றுசேர்க்கப்பட்டது; ராயல்டி கணக்கோ ஃபின்லாந்தில் எழுதப்பட்டது. போனில் ஏற்றப்படும் மென்பொருளுக்காக நோக்கியா இந்தியா தன் ஃபின்லாந்து தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணத்தின் மேல் வருமான வரித் துறை 2013-இல் தொடுத்த வழக்கு, 2014 நவம்பரில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்ட கதையின் ஒரு பகுதி.

நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதற்கு முன்பே, விடுதலை வேறொரு பக்கத்திலிருந்து வரத் தொடங்கியிருந்தது. அதைச் செய்தவர்கள் பொறியாளர்கள்.

ஜான்-மார்க் வாலின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழக மாணவர். ஆம், ஏசெல்ப் காப்புரிமைகள் பிறந்த அதே ஷெர்ப்ரூக். 2002-இல் அவர் தொடங்கி 2003-இல் வெளியிட்ட ஸ்பீக்ஸ் என்ற கோடெக், அடலும் ஷ்ரோடரும் வெளியிட்ட பழைய செல்ப் முறையிலேயே நின்றது. ஏசெல்ப்பின் அந்த நான்கு துடிப்புத் தந்திரத்தை வேண்டுமென்றே தொடவில்லை. தரம் ஓரளவு குறைந்தாலும் பரவாயில்லை, யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்பதே நோக்கம். இணையத்தில் பாக்கெட் தொலைந்தாலும் தாங்கும் ஐஎல்பிசி கோடெக்கும் 2004 டிசம்பரில் கட்டணமின்றி ஆவணமானது. அதை உருவாக்கிய நிறுவனத்தைக் கூகுள் 2010-இல் வாங்கி, அந்தத் தொழில்நுட்பத்தை அடுத்த ஆண்டே, உலாவிக்குள் பேச உதவும் வெப்ஆர்டிசி என்ற பெயரில் திறந்துவிட்டது.

இவற்றின் உச்சம் ஓபஸ். ஸ்கைப்பின் சில்க் கோடெக்கையும் வாலினின் குழு உருவாக்கிய செல்ட்டையும் இணைத்து, இணையப் பொறியியல் செயற்குழு 2012 செப்டம்பரில் தரமாக வெளியிட்டது. வாலின், கோன் வோஸ், திமோத்தி டெரிபெரி மூவரும் ஆசிரியர்கள். 6 கிலோபிட்டிலிருந்து 510 கிலோபிட் வரை, பேச்சும் இசையும். அதன் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது தொழில்நுட்பத்தைவிட நடைமுறையை. வேலை தொடங்கும்போதே கட்டணமில்லாமல் பயன்படுத்த முடிவதைக் குறிக்கோளாக வைத்தார்கள். ஸ்கைப், பிராட்காம், ஸிஃப் அமைப்பு ஆகியவை தங்கள் காப்புரிமைகளைக் கட்டணமின்றித் தந்தன. குவால்காம், ஹுவாவே போன்றவை தங்கள் காப்புரிமையும் இதில் இருக்கலாம் என்று அறிவித்தபோது, அவற்றை வெளி வழக்கறிஞர்களைக் கொண்டு ஆராய்ந்து, பொருந்தாது என்று முடிவு கண்டு முன்னே போனார்கள். அந்த இலவச உரிமத்தில் ஒரு கண்டிப்பான நிபந்தனையும் உண்டு: ஓபஸைப் பயன்படுத்துகிறவர் மீது காப்புரிமை வழக்குப் போட்டால், உங்களுக்குத் தரப்பட்ட இலவச உரிமை போய்விடும். உரிமச் சட்டத்தையே காவலாக நிறுத்திய சாமர்த்தியம் அது.

2016-இல் வெப்ஆர்டிசிக்கான தரம், எல்லா உலாவிகளிலும் ஓபஸும் ஜி.711-உம் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. இன்று மாடம்பாக்கத்தில் ஒரு பாட்டி அமெரிக்காவிலிருக்கும் பேத்தியோடு உலாவி வழியாகப் பேசினால், அந்தக் குரலைச் சுருக்கும் கோடெக்கை உருவாக்கியவர்கள் சல்லிக்காசு கேட்பதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ தன் முழுக்க முழுக்க இணைய நெறிமுறையில் ஓடும் வலையைத் தொடங்கியது. அதில் சிம் வழியாகப் போகும் அழைப்பு ஏஎம்ஆரின் அகலப்பட்டை வடிவத்தைக் கொண்டது. அது காப்புரிமைக்குள்தான் இருந்தது. ஒரே கைபேசி, ஒரே டவர், ஒரே பாட்டி. அன்று ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டணமில்லாத கணக்குமுறை, இன்னொன்றை அழுத்தினால் கட்டணத்துக்கு உட்பட்டது. வித்தியாசம் எந்த அமைப்பு எந்த விதியோடு தரம் வகுத்தது என்பதில் மட்டுமே இருந்தது.

சென்னைக்கு இதில் ஒரு முன்னோடி அனுபவம் உண்டு. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு 1990-களில் உருவாக்கிய கார்டெக்ட், கிராமங்களுக்குக் கம்பியில்லாத் தொலைபேசி கொடுத்தது. அதில் 32 கிலோபிட் ஏடிபிசிஎம் குரல் முறை பயன்பட்டது. ஏசெல்ப்பைவிடப் பருமனானது, ஆனால் எளியது. விலை உயர்ந்த சில்லு வேண்டாம். ஒரு லைனுக்கான செலவைக் குறைப்பதே அந்தக் குழுவின் கணக்கு. எந்தக் கணக்குமுறை நம் கைக்குள் இருக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அந்தப் பொறியியல் புத்தி பிறகு இங்கே வேர்விட்டு வளரவில்லை என்பது என் ஆதங்கம்.

விவகாரம் முடிந்துவிடவில்லை. 2023-இல் வெக்டிஸ் ஐபி என்ற நிறுவனம், ஓபஸுக்கே காப்புரிமைத் தொகுப்பு ஒன்றை அமைக்க முனைந்து, கருவி தயாரிப்பாளர்களை நோக்கிக் கணக்கைத் திறந்தது. ஓபஸ் தரமாகிப் பத்து ஆண்டு கழித்து. கைபேசி வலைகளில் 2014-இல் தரமான ஈவிஎஸ் கோடெக் இன்று உயர்ரக போன்களில் இருக்கிறது. காப்புரிமையின் ஆயுள் இருபது ஆண்டு என்பதால், அதன் உரிமைகளில் பல 2030-களின் நடுப்பகுதி வரை உயிரோடிருக்கும். அதற்கடுத்து, சுற்றுப்புற ஒலியையும் சேர்த்து அனுப்பும் ஐவாஸ் 2024-இல் நிறைவடைந்தது. அதன் காப்புரிமைகள் 2040-களைத் தொடும். பேச்சைச் செயற்கை நுண்ணறிவால் சுருக்கும் லைரா போன்ற கோடெக்குகள் 2021 முதல் வரத் தொடங்கிவிட்டன. அவற்றைச் சுற்றியும் விண்ணப்பங்கள் குவியும்.

அந்த விண்ணப்பங்கள் வந்து சேரும் நான்கு அலுவலகங்களில் ஒன்று நம் ஜிஎஸ்டி சாலையில், கிண்டியில் இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 25(1), வழங்கும் முன்பே எந்த நபரும் எதிர்ப்புத் தாக்கல் செய்யலாம் என்கிறது. போட்டி நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை, பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதுகூட இல்லை. இந்த வழியை மருந்துத் துறையில் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதை உலகமே அறியும்: ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் காப்புரிமை விண்ணப்பத்தைப் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் உட்படப் பலர் எதிர்க்க, 2006 ஜனவரியில் அதை நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். விண்ணப்பித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று போய், கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது.

குரல் கோடெக்குகளுக்கு இப்படி ஒரு எதிர்ப்பு மரபு இந்தியாவில் உருவாகவில்லை. மருந்துக்கு நோயாளிச் சங்கங்கள் இருந்தன. பேச்சுக்கு யார் இருக்கிறார்கள்? டிஜிட்டல் சிக்னல் செயலாக்கம் படிக்கும் மாணவர்கள் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் குரோம்பேட்டை எம்ஐடியிலும் ஐஐடியிலும் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். ஒரு கோடெக் விண்ணப்பத்தின் கோரிக்கைகளைப் படித்து, இதில் எவ்வளவு அடல் 1985-இலேயே சொன்னது, எவ்வளவு ஸ்பீக்ஸின் மூலநிரலில் ஏற்கெனவே இருக்கிறது, எவ்வளவு வெறும் கணிதம் என்று பிரித்துக் காட்ட அவர்களுக்குத் தெரியும். சட்டக் கல்லூரி மாணவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் எதிர்ப்பு மனுவை எழுதிவிடலாம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் அரை மணி நேரம். ஐவாஸ் விண்ணப்பங்களின் பரிசோதனை நடக்கும் இந்தச் சில ஆண்டுகளில் அதைச் செய்தால்தான் உண்டு; வழங்கிய பிறகு எதிர்ப்பதற்குச் சட்டம் ஓராண்டு மட்டுமே தருகிறது, அதுவும் அந்தத் துறையோடு தொடர்புள்ளவர்களுக்கு மட்டும்.